கழிவுநீரும் சக்தியும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பினால் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழ் வாசகருக்குப் பரிச்சயமான விக்தோர் யூகோவின் நாவல் 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. காயமுற்ற மாரியூசைச் சுமந்துகொண்டு ஜீன் வல்ஜீன் பாரிஸ் நகரத்துப் பாதாளச் சாக்கடையினூடாகச் செல்லும் பகுதியை அந்நாவலைப் படித்த எவரும் மறந்திரார். அப்பகுதிக்குச் சற்று முன்னர், கதையை முற்றாக நிறுத்திவிட்டு, சாக்கடையின் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் பற்றி யூகோ நீண்டதொரு விவாதம் நடத்துகின்றார். பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் 2.5 கோடி பிராங்கைக் கடலில் எறிகின்றது என்பது அங்கு அவர் காட்டும் கணக்கு. வயலைச் சேரவேண்டிய எரு சாக்கடை வழியே கடலைச் சேர்கின்றது என்பதே அக்கணக்கின் பொருள். கதையோட்டத்தைக் குலைக்கும் இடைச்செருகலாக இப்பகுதியைக் கொள்வோருண்டு. மனிதரையே கழிவென ஒதுக்கிவைக்கும் சமுதாயத்தைப் பற்றிய நாவலொன்றில் சாக்கடை பற்றிய அத்தியாயங்களை இடைச்செருகல் என்பது எனக்கு உடன்பாடானதன்று.

இச்சிந்தனை யூகோவுக்கு மாத்திரம் உரியதன்று. யேர்சித் தீவில் அவரைப் போலவே புகலிட வாழ்வு வாழ்ந்த சோசலிசவாதி பியேர் லெரூ, மனிதக் கழிவு மீண்டும் மண்ணைச் சென்றடையும் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டு ஒரு சமூகத் தத்துவத்தையே வகுத்தார். ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக், நகரங்கள் கிராமத்து மண்ணின் சத்தை உறிஞ்சித் திருப்பித் தராது விடுவதைக் கண்டித்தார். லீபிக்கை ஆழ்ந்து கற்ற மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், முதலாளித்துவ உற்பத்தி மக்களை நகரங்களிற் குவிப்பதன் மூலம் மனிதனுக்கும் மண்ணுக்குமிடையிலான பொருட்பரிமாற்றத்தைக் குலைக்கின்றது என்று காட்டினார். ஏங்கெல்சின் பதிப்பில் 1894இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியிலோ, 45 இலட்சம் இலண்டன் வாசிகளின் மலத்தைக் கொண்டு பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்ய அந்நகரத்தால் இயலவில்லை என்ற எள்ளல் காணப்படுகின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஜோன் பெலமி பொஸ்ரரின் ஆய்வுக்குப் பின்னர் மார்க்சியச் சூழலியலில் இவ்விடங்கள் மிகுந்த கவனத்தைப் பெற்றுள்ளன.

அவ்விவாதத்தின் இன்றைய வடிவம் ஒன்றினை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டினர் கழிவுநீரோடு எரு இழக்கப்படுவதைக் கண்டனர். எருவோடு சக்தியும் இழக்கப்படுகின்றது என்பதை இன்று நாம் அறிவோம். சர்வதேச சக்தி முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2014ஆம் ஆண்டில் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 4 வீதம் நீரை எடுப்பதற்கும் பகிர்வதற்கும் நீரையும் கழிவுநீரையும் சுத்திகரிப்பதற்கும் செலவாயிற்று. தூய சக்தி, சக்திச் சிக்கனம் ஆகிய தொடர்கள் நீர்த்துறையில் இன்று அடிக்கடி கேட்கப்படுவதற்கு இதுவே காரணம். ஆயின், நிலையத்தின் கூரையிற் சூரியத் தகடுகளைப் பொருத்துவதோடு முடிந்துவிடும் பொறியியல் அலுவல்களாகவே அவை பெரும்பாலும் பேசப்படுகின்றன. சக்தி எவ்விடத்தில் வீணாகின்றது, அதன் செலவை ஏற்பவர் யாவர், மீட்கப்படின் வரவு எவருக்குச் சேரும் என்ற வினாக்கள் அப்பேச்சில் இடம்பெறுவது அரிது.

இலண்டனிலிருந்தே தொடங்கலாம். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் நதிக்கரையிலிருந்த நாடாளுமன்றத்துள் நுழைந்தது. கொலராவினால் ஆயிரக்கணக்கான ஏழைகள் மடிந்தபோது அசையாதிருந்த அரசியந்திரம், உறுப்பினரின் மூக்கைத் துர்நாற்றம் எட்டியதும் சில வாரங்களுள் சட்டமியற்றிப் பணம் ஒதுக்கியது. ஜோசப் பசல்ஜெற் என்ற பொறியியலாளர் அமைத்த பெருங்குழாய்கள் நகரத்தின் கழிவுநீரை இடைமறித்துக் கிழக்கே கொண்டுசென்றன. 1865இல் தென்கரையில் குறொஸ்னெஸ் இறைப்பு நிலையம் வேல்ஸ் இளவரசரால் திறந்துவைக்கப்பட்டது. அங்கிருந்த நான்கு மாபெரும் நீராவி இயந்திரங்களுக்கும் அரச குடும்பத்தினரின் பெயர்களே சூட்டப்பட்டன. நிலக்கரியை உண்டு அவை செய்த வேலை யாது? கழிவுநீரை மேலேற்றித் தேக்கத்தில் நிறைத்துவைத்து, ஆற்றுநீர் கடலை நோக்கி வற்றும் வேளையில் அதனைத் திறந்துவிட உதவியது. சுத்திகரிப்பு என்ற பேச்சே அங்கில்லை.

இவ்வேற்பாடு உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1866இல் இலண்டன் கண்ட இறுதிக் கொலராத் தொற்று, புதிய குழாய்த் தொகுதி அப்போது முழுமையுறாதிருந்த கிழக்குப் பகுதியையே தாக்கியமை இதற்குச் சான்று. எனினும், செலவழிந்த நிலக்கரி அழுக்கை இடம்மாற்றியதேயன்றி மாற்றியமைக்கவில்லை. 1878 செப்டெம்பரில் ‘பிரின்சஸ் அலிஸ்’ என்ற உல்லாசப் படகு, கழிவுநீர் வெளியேறும் இடங்களுக்கு அண்மையில் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் விழுந்தது எத்தகைய நீரில் என்பது அப்போது பெரும் விவாதத்துக்குள்ளாயிற்று. அதன் பின்னர் இரசாயனம் சேர்த்துச் சேற்றைப் படியவைக்கும் முறை வந்தது. படிந்த சேறு 1887 முதல் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் கடலிற் கொட்டப்பட்டது. இவ்வழக்கம் முடிவுக்கு வந்தது 1998இலேயே. மார்க்ஸ் எள்ளிய நடைமுறை அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேறுருவில் நீடித்தது எனலாம்.

கழிவுநீரைப் பெருமளவில் உண்மையாகவே சுத்திகரிக்கும் வழி 1914ஆம் ஆண்டில் மன்செஸ்ரரிற் பிறந்தது. ஆடேன், லொக்கற் என்ற இரு இரசாயனவியலாளர், கழிவுநீரினுள் காற்றைத் தொடர்ந்து ஊதி, அதிற் பெருகும் நுண்ணுயிர்ச் சேற்றை வெளியேற்றிவிடாது மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் நீர் சில மணிநேரத்தில் தெளிவடைவதைக் கண்டனர். உயிர்ப்பூட்டிய சேற்று முறை எனப்படும் இதுவே இன்றுவரை உலகெங்கும் பெருநகரங்களில் வழங்கும் முறையாகும். இதன் பெருங்குறை காற்று. ஒரு கன மீற்றர் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏறத்தாழ 0.3 முதல் 0.6 கிலோவாற்று மணி மின்சாரம் தேவைப்படுகின்றது. (மின்சாரப் பட்டியலில் நாம் காணும் ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணியே.) இதில் பாதியளவு காற்றை ஊதுவதற்கே செலவாகின்றது.

இதன் விந்தையைச் சற்று நின்று நோக்குதல் தகும். கழிவுநீரிற் கரைந்தும் மிதந்தும் இருக்கும் சேதனப் பொருள் ஓர் எரிபொருள். விறகைப் போலவே அதுவும் ஒட்சிசனுடன் சேர்ந்து எரிந்து காபனீரொட்சைட்டாக மாறுகின்றது. பற்றீரியாவின் உடலினுள் நிகழ்வதால் சுவாலை தெரிவதில்லை, அவ்வளவே. அந்த எரிபொருளை எரித்தொழிப்பதற்காக வேறோரிடத்தில் நிலக்கரியையோ எண்ணெயையோ எரித்து மின்சாரம் பெற்று, அம்மின்சாரத்தால் ஒட்சிசனை ஊட்டுகின்றோம். 2004இல் வெளியான, ரொறன்ரோ நகரக் கழிவுநீரில் நடத்தப்பெற்ற அளவீடொன்று, அந்நீரில் அடங்கியிருந்த இரசாயன சக்தி அதனைச் சுத்திகரிக்கச் செலவான சக்தியின் ஒன்பது மடங்கிற்கும் அதிகம் எனக் காட்டியது. முழுவதையும் மீட்க இயலாது என்பது உண்மையே. காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் சேதனப் பொருளின் ஒரு பகுதியை மாத்திரமே மெதேன் வாயுவாக மாற்றும். அவ்வாயுவை இயந்திரத்தில் எரிக்கும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட சக்தியே மின்சாரமாகும், எஞ்சியது வெப்பம். இக்கழிவுகளெல்லாம் போனபின்னரும் கணக்கு நமக்குச் சாதகமாகவே முடிகின்றது. இவ்வாயுவின் பயன் புதிதாகக் கண்டறியப்பட்டதுமன்று. 1895ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் எக்செற்றர் நகரத்தில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பெற்ற வாயுவைக் கொண்டு விளக்கெரித்திருக்கின்றனர்.

நைதரசனின் கதை இதனினும் வியப்பானது. வளிமண்டலத்து நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கி உரஞ்செய்யும் தொழில், உலகின் சக்தி நுகர்வில் 1 முதல் 2 வீதத்தை விழுங்குகின்றது. அவ்வுரம் நெல்லாகி, சோறாகி, மனிதவுடலினூடாகச் சென்று மீண்டும் அமோனியாவாகக் கழிவுநீரைச் சேர்கின்றது. சுத்திகரிப்பு நிலையத்தில் மறுபடியும் மின்சாரம் செலவழித்து அதனை நைதரசன் வாயுவாக மாற்றி வானத்துக்கே திருப்பியனுப்புகின்றோம். ஒரே பொருளைக் கட்டுவதற்கு ஒருமுறையும் அவிழ்ப்பதற்கு ஒருமுறையுமாக இருமுறை சக்தி செலவாகின்றது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடைசெய்து, நெற்செய்கையும் தேயிலையும் நலிவுற, அதேயாண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. சேதன உரம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு அக்காலத்திற் கூறப்பட்ட விடைகளில் நகரங்களின் கழிவுநீர் ஏறத்தாழ இடம்பெறவேயில்லை எனலாம். லீபிக்கும் மார்க்சும் அவ்வினாவை அங்கிருந்தே தொடங்கியிருப்பர்.

இழந்ததை மீட்கும் முயற்சிகளுள் ஒஸ்திரியாவின் தீரோல் மாநிலத்திலுள்ள ஸ்ற்றாஸ் நிலையம் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பனிச்சறுக்குப் பள்ளத்தாக்குகளின் கழிவுநீரைப் பெறும் சிறிய பொதுத்துறை நிலையம் அது. 2005ஆம் ஆண்டில் தனது மின்தேவையைக் காட்டிலும் சுமார் 8 வீதம் கூடுதலான மின்சாரத்தை அது உற்பத்தி செய்தது. இதற்கு அவர்கள் பேரியந்திரம் எதனையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தொடக்கத்திலேயே சேதனப் பொருளை இயன்றவளவு பிரித்தெடுத்து வாயுத் தொட்டிக்கு அனுப்பினர். அமோனியாவின் அளவை இடையறாது அளந்து, தேவைப்படும்போது தேவையான அளவுக்கே காற்றூதினர். சேற்றைப் பிழிகையில் வரும் செறிந்த நைதரசன் நீரை, ஒட்சிசனும் சேதனப் பொருளும் மிகக்குறைவாகத் தேவைப்படும் ஒருவகை நுண்ணுயிர்களைக் கொண்டு தனியே சுத்திகரித்தனர். அந்நுண்ணுயிர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்தில் 1990களில் இனங்காணப்பட்டவை. பல ஆண்டுகள் ஒரே நிலையத்தை விடாது கவனித்துவந்த தொழிலாளரும் பொறியியலாளருமே இச்சிக்கனத்தின் உண்மையான மூலதனம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஆட்களை மாற்றும் நிர்வாகத்தில் இத்தகைய அனுபவம் சேர்வது கடினம்.

குளிர்நாடுகளில் வாயுத் தொட்டியை 35 பாகை அளவில் வைத்திருக்க வெப்பமூட்டவேண்டும். நமது போன்ற வெப்பநாடுகளுக்கு இயற்கையே அவ்வெப்பத்தைப் பெருமளவுக்குத் தருகின்றது. 1970களில் நெதர்லாந்தைச் சேர்ந்த கற்சே லெற்றிங்கா, கழிவுநீரைக் கீழிருந்து மேலாக ஒரு சேற்றுப் படுக்கையினூடே செலுத்தி, காற்றூதாமலே சுத்திகரித்து வாயுவும் பெறும் தொட்டியொன்றை உருவாக்கினார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை என்பது குறிப்பிடற்பாலது. கொலம்பியாவின் காலி நகரத்திலும் இந்தியாவின் கான்பூரிலும் 1980களிலேயே இம்முறை வீட்டுக் கழிவுநீருக்குப் பரீட்சிக்கப்பட்டது. இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளலாகாது. வெளியேறும் நீர் மேலும் சுத்திகரிக்கப்படவேண்டும். நீரிற் கரைந்துள்ள மெதேன் தப்பிச் செல்லுமாயின், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல 28 மடங்கு அளவில் புவியை வெப்பமாக்கும். வாயுவைப் பிடிக்காத வாயுத் தொட்டி தூய சக்தியின் பெயரால் நடக்கும் கேடு.

தொழில்நுட்பம் ஒன்றாயிருக்க, அதன் பயன் உடைமை உறவுகளுக்கேற்ப வேறுபடுவதை இரு நகரங்களை ஒப்பிட்டுக் காணலாம். கலிபோர்னியாவின் ஒக்லன்ட் நகரத்தில் உள்ள பொதுத்துறை நீர் மாவட்டத்தின் கழிவுநீர் நிலையம், உணவகங்களின் கொழுப்பையும் உணவுக் கழிவையும் கழிவுநீர்ச் சேற்றுடன் சேர்த்து வாயுவாக்கி, 2012இல் தன் தேவைக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையை எய்தியது. வட அமெரிக்காவில் அந்நிலையை எய்திய முதல் நிலையம் அதுவே. மிகுதி மின்சாரத்தின் வருவாய் அப்பொது நிறுவனத்தின் கணக்கையே சேர்கின்றது.

இலண்டனிலும் இன்று சேற்றிலிருந்து மின்சாரம் பெறப்படுகின்றது. ஆயினும் அங்கு நீர்சேவை 1989இல் தனியார்மயமாக்கப்பட்டது. கடன்களை அரசு நீக்கிக் கொடுத்த நிலையில் கைமாறிய தேம்ஸ் நீர்க் கம்பனி, பின்வந்த உரிமையாளர் காலங்களில் 1,500 கோடி பவுணுக்கு மேற்பட்ட கடனைச் சுமந்து நின்றது. இடையில் பங்குதாரர்க்கு இலாபப்பங்கும் சென்றது. கழிவுநீர் வெளியேற்றம் தொடர்பான மீறல்களுக்கும் இலாபப்பங்கு வழங்கியமைக்கும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2025 மே மாதத்தில் அக்கம்பனிக்கு ஏறத்தாழ 12.3 கோடி பவுண் தண்டம் விதித்தது. சேற்றிலிருந்து மின்சாரமெடுக்கும் கம்பனி ஆற்றிற் கழிவுநீரை விடுவதையும் தொடர்ந்து செய்தது. சிக்கனத்தால் மிச்சமாகும் பணம் உடைந்த குழாயைத் திருத்தவும் செல்லலாம், கடன் வட்டிக்கும் செல்லலாம். பொறியியல் அதனைத் தீர்மானிப்பதில்லை.

இனி நம் அயலுக்கு வருவோம். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள கழிவுநீர் நிலையங்களில் வாயு இயந்திரங்கள் நிறுவப்பட்டு இரு தசாப்தங்களாகின்றன. சேற்று வாயுவிலிருந்து தம் மின்தேவையின் கணிசமான பகுதியை அவை பெற்றுவந்துள்ளன. இது பாராட்டற்குரியது. ஆனால் இவ்வாயுவுக்கு இன்னொரு முகமுண்டு. தொட்டியினுள் அடைபட்டால் எரிபொருளாகும் மெதேனும், அதனுடன் பிறக்கும் ஐதரசன் சல்பைட்டுமே, மூடிய சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளியைக் கொல்லுகின்றன. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடைசெய்தது. 1993 முதல் அவ்வாறு இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபா வழங்குமாறு 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்தவேண்டியிருந்தமையே சாவுகள் நிற்கவில்லை என்பதைக் காட்டும். இறப்போர் யாவர் என்பதைச் சாதியமைப்பு முன்னரே தீர்மானித்து வைத்துள்ளது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் ‘தோட்டியின் மகன்’ எனத் தமிழுக்கு வந்த நாவல், ஆலப்புழை நகரத்து மலமள்ளும் தொழிலாளரின் தலைமுறைகளைப் பற்றியது. கழிவுநீர் நிலையங்களின் சக்திக் கணக்குகளில் மனித உழைப்புச் சக்தி ஒரு வரியாகவேனும் எழுதப்படுவதில்லை. குழாயைத் துப்புரவு செய்யும் இயந்திரத்துக்குச் செலவாகும் மின்சாரம் ‘மேலதிகச் செலவு’ ஆகவும், மனிதனை இறக்கினால் அது ‘சிக்கனம்’ ஆகவும் தோன்றும் கணக்குமுறையைச் சந்தேகத்தோடு நோக்குதல் வேண்டும்.

இலங்கையில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி என்று சொல்லத்தக்கது நீண்டகாலமாகக் கொழும்பிலேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் தசாப்தத்தில் ஆங்கிலேயர் அமைத்த அத்தொகுதி இலண்டன் மாதிரியின் காலனித்துவப் பிரதி. கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் விடப்பட்டது. யூகோ பாரிசுக்குச் செய்த கணக்கைக் கொழும்புக்கு எவரும் செய்யவில்லை. குடிநீரிலும் இழப்பு இருந்தது. 2012 அளவில், கொழும்பு மாநகருக்கு வழங்கப்பட்ட சுத்திகரித்த நீரில் ஏறத்தாழப் பாதி, பழைய குழாய்களின் கசிவினாலும் பிற காரணங்களாலும் வருமானமின்றிப் போயிற்று. களனி கங்கையிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, மின்சாரத்தால் மேலேற்றி அனுப்பிய நீர் அது. நீருடன் மின்சாரமும் மண்ணுக்குள் ஒழுகியது. பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் குழாய்களை மாற்றும் பணி தொடங்கப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. அங்கு ஆறில்லை, சுண்ணக்கற் பாறைக்குள் தங்கும் மழைநீரே வாழ்வாதாரம். துலாவில் ஏறி மிதித்து நீரிறைத்த காலத்தில் கிணற்றிலிருந்து எடுக்கப்படும் நீருக்கு மனிதவுடலின் ஆற்றலே எல்லையாக இருந்தது. அந்த எல்லையை இலட்சியப்படுத்திப் பேசுதல் எமது நோக்கமன்று; எவருடைய உடல் அங்கு துலா மிதித்தது, எவருக்கு அக்கிணற்றில் அள்ள உரிமை இருக்கவில்லை என்பதை கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்தோர் அறிவர். எண்ணெய் இயந்திரமும் மின்பம்பியும் வந்தபின் எடுக்கப்படும் நீர் பெருகி, கரையோரங்களில் உவர் ஏறிற்று. உரமும் மலகூடக் குழிகளும் நிலத்தடி நீரில் நைதரேற்றைச் சேர்த்தன. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையப் பகுதியைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. உயர் நீதிமன்றம் 2019இல் அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்திக் கம்பனியை இழப்பீடு செலுத்தப் பணித்தது. மின்சாரம் உண்டாக்கும் முயற்சி நீரைக் கெடுத்ததற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

குடாநாட்டுக்குக் குழாய்நீர் வழங்கும் திட்டம் முதலில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தையே நம்பியிருந்தது. அக்குளத்து நீரை நம்பிய விவசாயிகள், குறிப்பாகச் சிறுபோகச் செய்கைக்கு நீர் போதாதுபோகும் என அஞ்சி எதிர்த்தனர். போரினால் இடம்பெயர்ந்து மீண்டு, நிலத்தை மறுபடியும் பண்படுத்திக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அவ்வெதிர்ப்பை யாழ்ப்பாணத்தார்க்கும் வன்னியார்க்குமிடையிலான பிரதேசப் பூசலாகச் சித்திரித்தோர், நீர் உற்பத்திச் சாதனம் என்ற எளிய உண்மையை மறந்தனர். முடிவில் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைந்த, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கவல்ல நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது.

கடல்நீரை நன்னீராக்கும் இம்முறையில், வளிமண்டல அமுக்கத்தைப் போல 55 முதல் 70 மடங்கு அமுக்கத்தில் கடல்நீர் மிக நுண்ணிய மென்சவ்வுகளுக்கூடாகத் தள்ளப்படுகின்றது. உப்பு பின்தங்க, நீர் கடந்துவருகின்றது. 1970களில் இதற்கு ஒரு கன மீற்றருக்கு 10 அலகுக்கு மேல் மின்சாரம் செலவாயிற்று. வெளியேறும் உவர்நீரில் எஞ்சியிருக்கும் அமுக்கத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் கருவிகள் வந்தபின், நவீன நிலையங்களில் அது 3 முதல் 4 அலகாகக் குறைந்துள்ளது. கடல்நீரின் பாதியை நன்னீராக எடுப்பதாயின் இயற்கை விதி அனுமதிக்கும் மிகக்குறைந்த அளவே சுமார் 1 அலகு. ஆகவே இனிமேற் குறைக்கக்கூடியது சிறிதே. இவ்வீதத்திற் கணக்கிடின், 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய நிலையமொன்று முழுமையாக இயங்கும் நாளில் 72,000 முதல் 96,000 அலகு வரை தேவைப்படும். ஆற்றுநீரைச் சுத்திகரித்து வழங்குவதற்குச் சாதாரணமாக ஆகும் செலவைப் போல இது பல மடங்கு. நாட்டின் மின்வலையமைப்பில் நீர்வீழ்ச்சியோடு நுரைச்சோலையின் நிலக்கரியும் இருப்பதால், தாளையடி நீரின் ஒவ்வொரு குவளையிலும் சிறிது நிலக்கரி கரைந்திருக்கின்றது எனலாம்.

சூரியசக்தியும் காற்றுச்சக்தியும் இதற்கு விடையாகாவா என வினவப்படலாம். ஓரளவுக்கு ஆகும். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் 2006இல் தொடங்கிய குவினானா கடல்நீர் நிலையம், தன் தேவைக்கு ஈடான மின்சாரத்தை வடக்கேயுள்ள காற்றாலைப் பண்ணையொன்றிலிருந்து வலையமைப்பினூடாகப் பெற ஏற்பாடு செய்தது. காற்று ஓய்ந்த வேளையிலும் மென்சவ்வுகள் இயங்கவேண்டியிருப்பதால், அந்நிலையம் நேரடியாகக் காற்றினால் இயங்குகின்றது என்று கூறமுடியாது. ஆண்டுக் கணக்கில் ஈடுசெய்யப்படுகின்றது என்பதே சரி. வடக்கிலும் வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆயின் காற்றாலைக்கும் ஓரிடம் வேண்டும். மன்னார்த் தீவில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் மக்கள் தெருவில் இறங்கியமை, தூய சக்தியும் எவரோ ஒருவருடைய நிலத்திலும் கரையிலும்தான் நாட்டப்படுகின்றது என்பதை நினைவூட்டுகின்றது. இரணைமடு விவசாயி எழுப்பிய அதே வினாவையே மன்னார் மீனவரும் எழுப்பினர்.

மேலும், மின்சாரத்தை நம்பிய குடிநீர் மின்சாரத்தின் விதியையே அனுபவிக்கும். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அந்நியச் செலாவணி இல்லாமையால் எரிபொருட் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்றன. தாளையடி நிலையம் அன்று இயங்கிக்கொண்டிருந்தால் குடாநாட்டின் குழாய்நீரும் சர்வதேசக் கடன்சந்தையின் தயவில் நின்றிருக்கும். கிணறுகள் அன்று கைகொடுத்தன. அக்கிணறுகளைக் காப்பதையும் ஒரு சக்திக் கொள்கையாகவே கருதவேண்டும்.

இக்கணக்குகளின் ஒளியில் பார்க்கும்போது, வடக்கில் நீர்த்துறைச் சிக்கனம் எங்கு தொடங்கவேண்டும் என்பது புலனாகும். புதிய விநியோகக் குழாய்களில் கசியும் ஒவ்வொரு கன மீற்றர் நீரும் 3, 4 அலகு மின்சாரத்தைச் சுமந்து மண்ணுக்குள் இறங்குகின்றது. கொழும்பில் பொறுத்துக்கொள்ளப்பட்ட கசிவு இங்கு பொறுக்கத்தக்கதன்று. எனவே கசிவைத் தேடித் திருத்தும் நிரந்தர ஊழியர் குழுவொன்று எந்தச் சூரியப் பண்ணைக்கும் முன்னதாகத் தேவை. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெயரில் நீர்வழங்கலும் வடிகாலமைப்பும் ஒருசேர நின்றாலும், வடக்கில் முதலீடு முன்னதற்கே பெரும்பாலும் சென்றது. விலையுயர்ந்த மின்சாரத்தாற் செய்த நன்னீர் வீடுகளிற் பயன்பட்டபின், பெரும்பாலும் மலகூடக் குழிகள் வழியே அதே சுண்ணக்கற் பாறைக்குள் இறங்குகின்றது. எந்தக் கிணற்றைக் கைவிட்டுக் குழாய்நீருக்கு வந்தோமோ அந்தக் கிணற்றை அது மேலும் கெடுக்கின்றது. குழிகள் நிறைந்ததும் கலிபவுசர்கள் அச்சேற்றை அள்ளிச் செல்கின்றன. குடாநாட்டின் வெப்பத்தில் அச்சேறு வாயுவாவதற்கு வெளியிலிருந்து வெப்பமூட்டவேண்டிய தேவை மிகக்குறைவு. எஞ்சும் மண்டி, நோய்க்கிருமி நீங்கும்வரை பதப்படுத்தப்படின் தோட்டங்களுக்கு எருவாகும். உள்ளூராட்சி மன்றங்களும் விவசாயிகள் சம்மேளனங்களும் கூடி நடத்தக்கூடிய அளவிலான வேலை இது; பெரிய கடன் தேவைப்படுவதில்லை. கடன் தேவைப்படாத திட்டங்களைக் கடன் வழங்கும் நிறுவனங்கள் முன்மொழிவதில்லை என்பதனாற்போலும், பவுசர் அச்சேற்றை எங்கு கொட்டுகின்றது என்ற வினா இன்னும் ஊர்ச்சண்டையாகவே இருந்துவருகின்றது.